பழைய குட்டி டிராக்டர் சூடாகிறதா? எப்போது சூடாகிறது என்று முதலில் பாருங்கள்

கொழும்பில் டிராக்டருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பள்ளிக்கூட கிரவுண்டில் புல் வெட்டுவது, வத்தளை, ஜா-எல பக்கத் தென்னங்காணிகளைத் துப்புரவாக்குவது, தண்ணீர் பவுசர் இழுப்பது, ரோலர் இழுப்பது என்று வேலைக்குக் குறைவே இல்லை. இதையெல்லாம் செய்வது பெரும்பாலும் 15 முதல் 25 குதிரைவலு உள்ள யான்மார், குபோடா, இசெக்கி தான், அதுவும் ஜப்பானில் ஒரு ஆயுள் உழைத்து முடித்து ரீகண்டிஷன் என்ற பெயரில் இங்கே வந்து இறங்கியவை. எஞ்சின் நல்ல எஞ்சின். ஆனால் ஒரு நாள் எஞ்சின் சூட்டைக் காட்டும் மீட்டரின் ஊசி சிவப்புப் பக்கம் ஏறும். உடனே ஒருவர் வோட்டர் பம்ப் போய்விட்டது என்பார், இன்னொருவர் ரேடியேட்டரை மாற்று என்பார், கராஜில் பாஸ் தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடிக்கும் வால்வை, கழற்றி மேசையில் வைத்துவிட்டு "இது நம்ம நாட்டு வெயிலுக்குத் தேவையில்லை" என்பார். காசு போகும், சூடு அப்படியே இருக்கும்.

வெயிலைக் குற்றம் சொல்வதை முதலில் விட்டுவிடலாம். ஜப்பானின் கோடையில் 35 பாகை தாண்டுவது சாதாரணம், கொழும்பில் மார்ச், ஏப்ரலில் கூட அநேகமாக 32, 33ஐ ஒட்டித்தான் நிற்கும். அந்த ரேடியேட்டர் இந்த வெயிலுக்கும் சேர்த்துத்தான் செய்யப்பட்டது. இன்றைக்கு அது சமாளிக்கவில்லை என்றால் எங்கோ ஏதோ மாறியிருக்கிறது, அதைத்தான் தேட வேண்டும்.

எங்கே தேடுவது என்பதை மெசினே சொல்லிவிடும், எப்போது சூடாகிறது என்று கவனித்தால். சும்மா ஓடும்போது சரியாக இருக்கிறது, புல் வெட்டத் தொடங்கி அரை மணி நேரத்தில் மெதுவாக ஏறுகிறது என்றால் பெரும்பாலும் காற்று போகவில்லை, அல்லது ரேடியேட்டர் உள்ளே பாதி அடைத்திருக்கிறது. வேலையே இல்லாமல் நின்று ஓடும்போதும் ஏறுகிறது என்றால் பெல்ட், ஃபேன், தண்ணீர் மட்டம் பக்கம் போங்கள். ஸ்டார்ட் பண்ணி ஐந்து பத்து நிமிடத்துக்குள் விறுவிறு என்று ஏறினால் தெர்மோஸ்டாட் மூடியபடியே பிடித்துக்கொண்டிருக்கலாம், தண்ணீர் இல்லாமல் இருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள புளொக்குக்கும் நடுவில் இருக்கும் சீல், போயிருக்கலாம். சூடு பெரிதாக இல்லை, ஆனால் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விட வேண்டியிருக்கிறது, கீழே ஒரு சொட்டும் காணவில்லை என்றால் அது வேறு கதை, கடைசியில் வருகிறேன்.

அதற்கு முன் ஊசி சொல்வது உண்மையா என்று பாருங்கள். முப்பது நாற்பது வருடப் பழைய மீட்டர், பழைய சென்சர், துருப்பிடித்த ஏர்த் வயர், இவை மூன்றும் சேர்ந்து எதை வேண்டுமானாலும் காட்டும். சென்சரை மாற்றியவர் மரையில் வெள்ளை டேப்பை நிறையச் சுற்றியிருந்தால் ஏர்த் சரியாகக் கிடைக்காமல் ஊசி தப்பாக நிற்கும். லேசர் புள்ளி அடிக்கும் கைத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்தார்களே, அது உதவாது, அது 42, 43 பாகைக்கு மேல் காட்டாது, எஞ்சின் வேலைக்கென்று விற்பதைக் கேட்டு வாங்குங்கள். தெர்மோஸ்டாட்டை உள்ளே வைத்திருக்கும் உறையின் மேல், பெயின்ட் இருக்கும் பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். பளபளப்பான பித்தளையில் பிடித்தால் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், அங்கே ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் பிடித்தால் சரியாக வரும். வேலை செய்யும்போது 80 முதல் 95க்குள் இருந்தால் கவலை இல்லை. 105 தாண்டினால் வேலையை நிறுத்துங்கள்.

சரி, இப்போது காற்று. நான் பார்த்த சூடாகும் டிராக்டர்களில் அதிகமானவை இதில்தான் மாட்டியிருந்தன, செலவும் இதற்குத்தான் மிகக் குறைவு, ஆனாலும் யாரும் இதை முதலில் பார்ப்பதில்லை. ஃபேன் முன்பக்கமிருந்து காற்றை இழுத்து ரேடியேட்டர் வழியாக எஞ்சின் பக்கம் தள்ளுகிறது. அப்படி இழுக்கும்போது புல் விதை, தூசி, தென்னந்தும்பு எல்லாம் கூடவே வரும். முன்னால் ஒரு வலை இருக்கும், பல மொடல்களில் மேலே இழுத்தால் கழன்று வரும். அதைத் தட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வலையைத் தாண்டிப் போன மெல்லிய தூசிதான் ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையில் அடை கட்டி நிற்கும், முன்பக்கமிருந்து பார்த்தால் சுத்தமாகவே தெரியும். ஒரு டோர்ச்சை எஞ்சின் பக்கம் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். வெளிச்சம் எல்லா இடத்திலும் தெரிய வேண்டும். தெரியாத இடம் ரேடியேட்டரில் வேலை செய்யாத இடம்.

சுத்தம் செய்வது எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, அதாவது காற்று வந்த வழிக்கு எதிராக. முன்னாலிருந்து அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகும். சர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்து பவர் வோஷ் பண்ணச் சொன்னால் தகடுகள் மடிந்து ரேடியேட்டர் பாழாகும், அதற்கு அழுக்கோடு இருப்பதே மேல். வீட்டுத் தோட்டக் குழாயின் அழுத்தம் போதும், கொம்பிரசர் காற்று என்றால் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். கிராங்க் முன் சீலில் (எஞ்சின் தண்டின் முன்பக்க ஒயில் சீல்) ஒயில் கசியும் எஞ்சின் என்றால் அந்த ஒயில் ஃபேன் காற்றில் தெறித்து, தகட்டில் பட்டு, தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும், வெறும் தண்ணீருக்கு அது அசையாது. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, எஞ்சின் ஆறியபின் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பிறகு சீலை மாற்றுங்கள், இல்லாவிட்டால் இதே வேலை திரும்ப வரும். மழைக்குப் பின் புல் வளர்ந்து ஈரமாக வெட்டுகிற காலங்களில், மே, ஜூனிலும் ஒக்டோபர், நவம்பரிலும், வலையை ஒரு நாளில் இரண்டு மூன்று முறை தட்ட வேண்டியிருக்கும். அதற்குச் சோம்பல் படும் டிரைவரிடம் மெசினைக் கொடுக்காதீர்கள்.

கடற்கரைப் பக்கம் வேலை செய்யும் மெசின்களுக்கு இன்னொரு நோய் உண்டு. வெள்ளவத்தை, தெஹிவளை, மட்டக்குளிப் பக்கம் உப்புக்காற்றில் வருடக் கணக்காக நின்ற ரேடியேட்டரின் தகடுகள், முக்கியமாகக் கீழ்ப் பகுதியில், பச்சை பூத்து உளுத்துப்போயிருக்கும். நகத்தால் இலேசாகத் தொட்டுப் பாருங்கள், தூளாக உதிர்ந்தால் அந்தத் தகடு குழாயோடு ஒட்டியே இல்லை, சூட்டை வெளியே கடத்தாது. தண்ணீர் கசியவில்லை என்பதால் ரேடியேட்டர் நல்லது என்று சொல்லிவிடுவார்கள். அதை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை, உள் பகுதியைப் புதிதாகப் போட்டே ஆக வேண்டும்.

ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கூடு, ரேடியேட்டர் ஓரங்களில் இருக்க வேண்டிய ரப்பர், ஸ்பொஞ்ச், இவை ரீகண்டிஷன் மெசின்களில் பாதிக்கு இருப்பதில்லை. அவை இல்லாவிட்டால் எஞ்சின் சூடாக்கி விட்ட காற்றே ஓரத்தால் சுற்றி வந்து திரும்ப ரேடியேட்டருக்குள் போகும். கூட்டைத் தகரத்தில் செய்துகொள்ளலாம், ஃபேன் இதழ் பாதியளவு கூட்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கும்படி. ஃபேன் திரும்பவும் சரியான பக்கம்தான் பூட்டப்பட்டதா என்பதையும் பாருங்கள். தலைகீழாகப் பூட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் வரும் அளவு நன்றாகக் குறைந்திருக்கும்.

பெல்ட்டைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. பெல்ட் சுற்றும் இரண்டு சில்லுகளுக்கு (புலி) நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 7 முதல் 10 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். அதிகம் இறங்கினால் வழுக்கும், இறங்கவே இல்லை என்றால் பம்ப் பெயரிங் சீக்கிரம் போகும். புலியின் பள்ளத்தின் அடியே பளபளப்பாக இருந்தால் பெல்ட் தேய்ந்து அடியில் உட்காருகிறது, எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, மாற்றுங்கள்.

அப்புறம் தண்ணீர்ப் பக்கம். இங்கே முதலில் உங்கள் எஞ்சினில் வோட்டர் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், யான்மார் வைஎம் 2000, குபோடா பி 6000 போன்ற பழையவற்றில் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டருக்குப் போய், ஆறிக் கனமாகிக் கீழே இறங்கி எஞ்சினுக்குத் திரும்பும், அவ்வளவுதான். இல்லாத பம்பை மாற்றக் காசு கேட்டவர்களும் ஊரில் இருக்கிறார்கள். இந்த வகையில் தண்ணீர் மட்டம் மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே இறங்கினால் சுற்றோட்டம் அங்கேயே நின்றுவிடும், பாதி ரேடியேட்டரில் தண்ணீர் இருந்தும் எஞ்சின் கொதிக்கும். அதனால் தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்ப்பது இவற்றுக்குக் கட்டாயம். மேலே நல்ல சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருப்பது இவற்றின் இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ரேடியேட்டர் மூடி சின்னச் சாமான், ஆனால் பெரிய வேலை செய்கிறது. பம்ப் உள்ள எஞ்சின்களின் மூடியில் பெரும்பாலும் 0.9 என்று இருக்கும், அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட 100க்குப் பதிலாகச் சுமார் 118 பாகையில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, 100இலேயே கொதித்துத் தள்ளிவிடும், நீங்கள் ரேடியேட்டரைச் சந்தேகப்படுவீர்கள். எஞ்சின் ஆறியபின் மேல் ஹோஸ் சப்பி உள்ளே ஒட்டியிருந்தால் மூடியின் நடுவில் உள்ள சின்ன வால்வு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அதே இலக்கத்தில் புதியது போடுங்கள். கூடிய அழுத்தம் போட்டால் நல்லதுதானே என்று 1.1 போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்று விட்டுப்போகும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் எனக்கு வளைந்து கொடுக்க மனமில்லை. கழற்றி எறியாதீர்கள். அது இல்லாமல் ஓடும் டீசல் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, டீசல் முழுதாக எரியாது, கரி படியும், ஒயிலில் டீசல் சேரும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடும், அதைக் கழற்றிவிட்டால் தண்ணீரின் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், சூடு கூடத்தான் செய்யும். சந்தேகம் என்றால் சோதியுங்கள், அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீர், நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். அதன் மேல் 71 அல்லது 82 என்று அடித்திருக்கும், அந்தச் சூட்டுக்குக் கிட்ட திறக்கத் தொடங்க வேண்டும், தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போங்கள், குறுக்களவும் இலக்கமும் பொருந்துகிறதா என்று கடையிலேயே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜப்பான் கார், வேனுக்குரியது பல டிராக்டர்களுக்கு அப்படியே உட்காரும், மூடியும் அப்படித்தான். பம்ப் இல்லாத சில பழைய எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் தொடக்கத்திலிருந்தே இல்லை, அங்கே கொண்டுபோய் ஒன்றைப் புகுத்தவும் வேண்டாம்.

என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? கிரவுண்டில் கிடைத்த கிணற்றுத் தண்ணீர் என்பதுதான் வழக்கமான பதில். கரையோரக் கிணறுகளில் உப்பு இருக்கிறது, அது உள்ளே துருவாகவும் அடையாகவும் மாறும். பற்றறிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் வாங்குங்கள், போத்தலை வாசித்துவிட்டு, ஏனென்றால் பக்கத்திலேயே பற்றறி அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில் இருக்கும். அதோடு கூலன்ட் கலக்க வேண்டும். பனி இல்லாத நாட்டில் எதற்கு என்று கேட்பார்கள், துருவுக்கு எதிரான மருந்து அதில்தான் இருக்கிறது, பனிக்கு அல்ல அதற்காகத்தான் இங்கே ஊற்றுகிறோம். மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் போதும், அதைவிட மிகக் குறைத்தால் துருவைத் தடுக்காது. பச்சை, சிவப்பு என்ற நிறத்தை நம்பி வகை கலக்காதீர்கள், நிறம் வெறும் சாயம்தான், ஒவ்வாத இரண்டு வகை சேர்ந்தால் உள்ளே கூழாகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்க வேண்டாம், இனிப்பாக இருப்பதால் நாய் குடித்துவிடும், அது நஞ்சு.

உள்ளே சேறு இருக்கிறது என்று தெரிந்தால் கழுவலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது கைத் தெர்மாமீட்டரை ரேடியேட்டரின் முகத்தில் மேலிருந்து கீழாக நகர்த்திப் பாருங்கள், நடுவில் ஒரு திட்டு மட்டும் குளிராக இருந்தால் அங்குள்ள குழாய்கள் அடைத்திருக்கின்றன. பழைய தண்ணீரை ரேடியேட்டர் அடியில் மட்டும் திறந்து விட்டால் பாதிதான் போகும், எஞ்சின் புளொக்கின் பக்கத்திலும் ஒரு வடிகால் இருக்கிறது, அதையும் திறக்க வேண்டும். திறந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் உள்ளே சேறு அடைத்திருக்கிறது, கம்பியால் குத்தினால் கறுப்பாகக் கொட்டும். பிறகு சுத்தத் தண்ணீரில் லீற்றருக்கு 50 கிராம் அளவில் சிட்ரிக் அசிட் தூளைக் கரைத்து நிரப்பி, எஞ்சின் சூடேறி அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆறியபின் வடியுங்கள். அடுத்து ஒரு கரண்டி அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முறை ஓட்டி, பிறகு தெளிவாக வரும்வரை வெறும் தண்ணீர். அலுமினிய ரேடியேட்டர் என்றால் இந்த அசிட் வேலை வேண்டாம். ஒன்று தெரிந்து செய்யுங்கள், துருவே அடைத்துப் பிடித்திருந்த சின்ன ஓட்டைகள் கழுவியபின் கசியத் தொடங்கலாம், ஓட்டை ஏற்கெனவே இருந்ததுதான். கழுவியும் குளிர்த் திட்டு போகவில்லை என்றால் ரேடியேட்டர் வேலை செய்யும் கடையில் மேல் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டு எடுக்க வேண்டும். கசிவை அடைக்கும் தூளும் திரவமும் வாங்கி ஊற்றுவதைத் தவிருங்கள், கசிவோடு குழாயையும் அடைக்கும்.

ஓட்டும் முறையாலும் சூடாகும், அது பலருக்குத் தெரியாது. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று பெரிய கியரில் போட்டு, எஞ்சின் வேகத்தைக் குறைத்து, முக்கி முக்கி இழுக்க வைக்கிறார்கள். சுமை முழுவதும் இருக்கிறது, ஃபேனும் பம்பும் மட்டும் மெதுவாகச் சுற்றுகின்றன. ஒரு கியர் இறக்கி, பிடிஓ (வெட்டும் கருவியைச் சுற்றவைக்கும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்ற மீட்டரில் குறித்திருக்கும் எஞ்சின் வேகத்தில் வைத்து வெட்டுங்கள். மொட்டைக் கத்தி, முழங்கால் உயரப் புல்லை ஒரே தடவையில் வெட்டும் பேராசை, பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், அடைத்த ஏர் ஃபில்டர், எல்லாமே எஞ்சினுக்குக் கூடுதல் சூடுதான். சுமை சாதாரணமாக இருந்தும் கறும்புகை தள்ளினால் ஏர் ஃபில்டரைப் பார்த்துவிட்டு டீசல் பம்ப் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வேலைக்கு நடுவில் ஊசி ஏறிவிட்டால் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். பிடிஓவை விடுங்கள், சுமையை எடுங்கள், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு நாலைந்து நிமிடம் பாருங்கள், சூடு இறங்கும். பெல்ட் அறுந்திருந்தால் அல்லது தண்ணீர் கொட்டிப் போயிருந்தால் மட்டும் உடனே நிறுத்த வேண்டும். எந்தக் காரணத்துக்கும் சூட்டில் மூடியைத் திறக்க வேண்டாம், முகத்தில் நீராவி அடித்துக் கண் போனவர்கள் உண்டு. அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு, தடித்த சாக்குத் துணி போட்டு, முதல் பல்லு வரை திருப்பி அழுத்தத்தை விட்டு, பிறகு திறவுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழும், அவசரத்துக்குக் கொடுக்கும் விலை அது.

இனி அந்தக் காணாமல் போகும் தண்ணீர். காலையில் முழுதாக ஆறிய எஞ்சின், மூடியைக் கழற்றி, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் பண்ணி வாயைப் பாருங்கள். இரண்டொரு குமிழி வந்து நின்றால் அது உள்ளே சிக்கிய காற்று. நிற்காமல் தொடர்ந்து குமிழி வந்தால், வேகம் கூட்டும்போது அதிகமானால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது, ஹெட் கேஸ்கெட் விட்டுவிட்டது அல்லது ஹெட்டில் வெடிப்பு. மூடி போட்டு ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடத்தில், தண்ணீர் இன்னும் குளிராக இருக்கும்போதே, மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே அர்த்தம். ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள், ஒயில் பால் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் அதற்கு மேல் ஒரு நிமிடமும் ஓட்டாதீர்கள், பெயரிங்குகளும் சேர்ந்து போகும்.

ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள். நேரான இரும்புச் சட்டம் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் தகடு விட்டு, ஹெட் வளைந்திருக்கிறதா என்று உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். 0.05 மில்லிமீற்றர் தகடு உள்ளே போனாலே லேத் கடைக்குக் கொடுத்து முகத்தைச் சமமாகச் சீவி எடுக்க வேண்டும், வெடிப்புச் சோதனையையும் அங்கேயே கேளுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக, டோர்க் ரென்ச்சில், உங்கள் மொடலின் சர்விஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். "கை அளவு தெரியும்" என்று சொல்பவரிடம் ரென்ச்சை வாடகைக்கு எடுத்தாவது கொடுங்கள். பூட்டியபின் தண்ணீரை மெதுவாக ஊற்றி, மூடி இல்லாமல் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட்டிக் காற்றை வெளியேற்றி, மட்டம் இறங்க இறங்க நிரப்பி, அதன் பிறகுதான் மூடியைப் போட வேண்டும். மறுநாள் காலை எஞ்சின் குளிராக இருக்கும்போது மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள், அநேகமாக அரை லீற்றர் குடிக்கும்.